சபைக்கு முதுகு காட்டிய காட்சி

நாடகம் எழுதியவரை ஒத்திகைக்குள் விடாதே என்பது எங்கள் காலத்து டைரக்டர்களுக்குள் எழுதாத சட்டம். நாடகம் போட வந்திருக்கிற உங்களுக்கும் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜா நாடகம் எழுதிய புண்ணியவான் ஒருவர் தினமும் ஒத்திகைக்கு வந்துவிடுவார். நடிகர்கள் பேசப் பேசத் தானும் வாய்க்குள் வசனத்தை முணுமுணுப்பார். ஒரு வார்த்தை தவறினால் தொண்டையைச் செருமுவார். அவர் செருமிய செருமலில் என் மந்திரிக்கு நாடகத்தன்று என்ன ஆயிற்று தெரியுமா? "மன்னா" என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். ஏன்டா நின்றாய் என்று பிறகு கேட்டால், செருமல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தானாம்.

அன்றோடு முடிவு கட்டினேன். எழுதியவர்கள் நாடகத்தன்று வரலாம், மாலை போடுகிறேன். ஒத்திகைக்கு வரக் கூடாது.

அந்த வீராப்பை உடைத்தவர் தென்காசியில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு டீச்சர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நடிப்புப் பயிற்சி, மேடை அளவு, விளக்கு வெளிச்சம் எல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தருவார்கள். நான் இந்த டீச்சரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு நாடகத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு குற்றால சீசனில் தெரிந்துகொண்டதுதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. சாரல் ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் வெளியூர்க் கூட்டம் அலைமோதும். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அங்கே ஒரு தகரக் கொட்டகையைத் தென்காசிக் காண்ட்ராக்டர் ஒருவர் குத்தகைக்கு எடுப்பார். நாங்கள் சாயங்காலம் நாடகம் போடுவோம். எங்கள் குழுவில் இருந்தவர்களுக்கு வருஷத்துச் சாப்பாட்டில் பாதி அந்தக் கொட்டகையில்தான். அருவியில் குளித்துவிட்டு வருகிற சனத்துக்குப் பசி அதிகம், பொறுமை கம்மி. சிரிக்கவை, இல்லையென்றால் அழவை, நடுவில் நிற்காதே என்பார் காண்ட்ராக்டர்.

அந்த வருஷம் அழவைக்கிற சமூக நாடகம் ஒன்று கேட்டார். அப்போதுதான் டீச்சரின் நாடகம் கைக்கு வந்தது. கதை சின்னது. வீரகேரளம்புதூர்ப் பக்கத்தில் வானம் பார்த்த ஊர் ஒன்று. அங்கிருந்து பிழைக்கப்போன ஒரு குடும்பம் கண்டிச்சீமையில், அதாவது இலங்கை மலையில், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ஆண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மூத்த பெண் பிள்ளையை மட்டும் வடகரையில் தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவளாவது பள்ளிக்கூடம் போகட்டும் என்று. அடுத்த கொடைக்கு வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. யுத்தம் வந்தது. பிறகு பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. அந்தப் பிள்ளை மாமன் வீட்டிலேயே வளர்ந்து ஆளாகிறாள். அவ்வளவுதான்.

டீச்சர் வைத்திருந்த பெயர் 'நிற்பவள்'. அந்தப் பெயருக்கு யார் வருவார்கள் என்று காண்ட்ராக்டர் 'கடல் தாண்டிய கண்ணீர்' என்று போஸ்டர் அடித்தார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. காரணம், தாய் வேஷத்துக்கு எங்களிடம் கோமதி இருந்தாள்.

கோமதி அழுதால் கொட்டகை அழும். அவள் கண்ணில் நீர் கோக்கும்முன்பே முன்வரிசையில் துண்டுகள் முகத்துக்குப் போய்விடும். அழுதுகொண்டே ஒரு பாட்டு எடுத்தாள் என்றால் ஒன்ஸ்மோர் கேட்டு விசில் பறக்கும். இரண்டாம் முறையும் முதல் முறை போலவே கண்ணீர் வரும். அந்த வித்தை எப்படி என்று நான் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஆகவே தாய் பிரிந்து போகிற காட்சியை நான் அவளுக்காகவே அமைத்தேன். மேடைக்கு நட்டநடுவில் கோமதி, முகம் சபையைப் பார்த்து. ஓரத்தில் பிள்ளை. ஆர்மோனியம் எடுத்துக்கொடுக்கப் பாட்டு, அழுகை, பிள்ளையைக் கட்டிப்பிடித்தல், படுதா.

தென்காசியில் ஒரு அரிசி மில்லில் ஒத்திகை. ஒரு சனிக்கிழமை டீச்சர் கேட்காமல் கொள்ளாமல் வந்து நின்றார். விரட்டவா முடியும்? பின்னால் ஒரு மூட்டைமேல் உட்காரச் சொன்னேன். பிரியும் காட்சி முழுவதையும் பார்த்தார். செருமவில்லை, முணுமுணுக்கவில்லை. முடிந்ததும் மரியாதைக்குக் கேட்டுவைத்தேன்.

"எப்படி டீச்சர்?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா இது என் நாடகம் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "இந்தக் காட்சியில பேச்சு ஒரு வரிகூட மாத்தலியே."

"வரி மாறல. ஆளுக நிக்கிற எடம் மாறிப்போச்சு. நீங்க இதைப் போறவங்க நாடகமா போடுதிய. இது நிக்கவளோட நாடகம்."

சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பிள்ளை வேஷம் போட்ட சிறுமியின் தோளைப் பிடித்து மேடையின் முன் விளிம்புக்குக் கூட்டிவந்து, உள்பக்கம் பார்த்து நிற்கவைத்தார். பிறகு கோமதியிடம் போய், "நீங்க அங்கன, அந்தக் கடைசியில இருங்க. குனிஞ்சு மூட்டை கட்டுங்க. இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்" என்றார்.

அவர் எழுதியதில் தாய் மூட்டையைக் கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி கட்டுகிறாள் என்று இருந்தது. வேண்டாத சில்லறை வேலை என்று நான் அதைச் சுருக்கிவிட்டிருந்தேன்.

"பிள்ளை பாக்குது," என்றார் டீச்சர். "அம்மா கட்டுதா, அவுக்குதா, திரும்பக் கட்டுதா. ஒருக்காகூடத் திரும்பிப் பாக்கல. அப்படியே மூட்டையத் தூக்கிட்டுப் போயிருதா. பிள்ளைக்குத் தெரிஞ்சது அவ முதுகு மட்டுந்தான். சனங்களுக்கும் அதுதான் தெரியணும்."

கோமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நம் மேடையில் காலெடுத்து வைக்கிற எவருக்கும் முதல் பாடம், சபைக்கு முதுகு காட்டாதே என்பது. வெளியே போகும்போதுகூடப் பக்கவாட்டில் நடந்து போவோமே தவிர, சபைக்கு முதுகு காட்ட மாட்டோம். அவமரியாதை.

"எங்க வாத்தியார் கன்னத்துல அறைஞ்சு சொல்லிக்குடுத்த பாடம் டீச்சர் அது," என்றாள் கோமதி. "முதுகக் காட்டிக்கிட்டு நிக்கதுக்கு நான் எதுக்கு? மில்லுல மூட்டை தூக்குதவுகள்ல ஒருத்தியக் கூப்பிட்டு நிறுத்துங்க."

நான் சமரசத்துக்குப் போனேன். "சரி டீச்சர், திரும்பாமலே இருக்கட்டும். ஆனா ஏன் திரும்பலன்னு ஒரு காரணம் வேணும்ல? அழுகைய மறைக்காளா? புருசன்கிட்ட பயமா? இல்ல, பிள்ளைமேல பாசமே இல்லியா? கோமதி எதை மனசுல வச்சுக்கிட்டு நிக்க?"

"தெரியாது."

"எழுதின உங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன் அண்ணாச்சி."

அவரே மெதுவாகச் சொன்னார். "நீங்க அவ முகத்தக் காட்டி, அழவும் வச்சுட்டா, சனங்களுக்குக் காரணம் கெடைச்சிரும். பாவம், பெத்தவன்னு உச்சுக்கொட்டிட்டு மனசு ஆறி வீட்டுக்குப் போயிருவாங்க. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஆறலையே."

அந்தப் பிள்ளை யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமதிக்கும் உறைத்திருக்க வேண்டும், இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

வெளியே வந்து நின்றபோது மீதியைச் சொன்னார். தகப்பனார் தோட்டத்திலேயே காலமாகிவிட்டார். தம்பிகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் போன வருஷம் காகிதமெல்லாம் சரியாகி ஊர் திரும்பி, குத்துக்கல்வலசையில் மகளோடு இருக்கிறார்.

"ஒரே அடுப்புல சமைக்கோம் அண்ணாச்சி. உப்புப் போதுமான்னு கேக்கா, போதும்னு சொல்லுதேன். அன்னைக்கு ஏன் திரும்பிப் பாக்கலன்னு எனக்குக் கேக்க முடியல. வாய் வரைக்கும் வருது. என்னத்தையாவது கேட்டு, அவ ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா? அதான் எழுதினேன். மொத ஆட்டத்துக்கு அவளக் கூட்டிட்டு வருவேன். வேற எப்படிக் கேக்கன்னு எனக்குத் தெரியல."

இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பெண் தொண்டையில் வைத்திருந்த கேள்வி. அதை அவர் என் கொட்டகையில் கேட்கப்போகிறார். நானோ அதை ஒன்ஸ்மோர் வாங்குகிற பாட்டாக மாற்றி வைத்திருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் நாடகத்தை முதலிலிருந்து படித்தேன். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முன்பு படித்தபோது சப்பென்று இருந்த இடங்களெல்லாம் இப்போது வேறாகத் தெரிந்தன. இரண்டாம் அங்கத்தில் அந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கிளம்பியதும் அவள் உள்ளே போகாமல், அவர்கள் தெரு முனை தாண்டும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன பெண் இவள், கூச்சமில்லாமல் பார்க்கிறாளே என்று மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுகிறார்கள். நான் அதைச் சிரிப்புக் காட்சி என்று நினைத்து, மாமனுக்கு இரண்டு கிண்டல் வசனம்கூடச் சேர்த்திருந்தேன். போகிறவர்களில் ஒருத்தராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்றுதான் அவள் நிற்கிறாள். மூன்றாம் அங்கம் முழுவதும் அவள் ஓர் இடத்தில்கூட உட்காருவதில்லை. நான் அதையும் எழுதத் தெரியாத தவறு என்று எண்ணியிருந்தேன். வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன், சேர்த்த கிண்டலை வெட்டினேன்.

கோமதியைச் சம்மதிக்கவைத்தது தனிக்கதை. நாலைந்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளாகவே வந்தாள்.

"சரி, முதுகாலயே அழுதிருதேன். எனக்கு வரும்."

"அழப்படாது கோமதி."

"பின்ன?"

"மூட்டையக் கட்டு. கெட்டியாக் கட்டு. கடலத் தாண்டிப் போற மூட்டை."

முறைத்துப் பார்த்தாள். "நீங்க சொன்னியன்னு செய்யுதேன். ஆனா சனம் கத்துச்சுன்னா நான் திரும்பிருவேன். அப்ப என்னக் குத்தம் சொல்லப்படாது." அதற்குமேல் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனத்தின் சத்தத்தில் வளர்ந்தவள் அவள்.

முதல் ஆட்டத்தன்று மத்தியானமே காண்ட்ராக்டர் காதுக்கு விஷயம் போய்விட்டது. மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே கூத்து இது? கோமதி மூஞ்சிக்குத்தான்வே கூட்டம் வருது. முதுகப் பாக்கவா அருவியில குளிச்சவன் ஈரத்தலையோட ஓடியாரான்?"

"ஒரு காட்சிதான் மொதலாளி."

"அந்தக் காட்சிக்குத்தான்வே போஸ்டரு! பாத்துக்கிடும். சனம் கலாட்டா பண்ணிச்சுன்னா நானே படுதாவ இறக்கிருவேன். நாளையில இருந்து மதுரைக் கம்பெனி வந்து ஆடும். உம்ம ஆளுக எல்லாரும் பொட்டியக் கட்டிக்கிட்டுப் போகவேண்டியதுதான்."

வெறும் மிரட்டல் இல்லை, செய்கிற ஆள். என் குழுவில் பிள்ளைகுட்டிக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேடையில் கால் உதறும்.

சாயங்காலம் கொட்டகை நிரம்பிவிட்டது. தகரத்தின்மேல் சாரல் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் தன் அம்மாவைப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத் திரைக்குப் பின்னால் என் அருகே வந்து நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஒல்லியான அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன நாடகம் என்றுகூட அவரிடம் சொல்லவில்லை என்றார் டீச்சர்.

முதல் அங்கம் நன்றாகத்தான் போனது. கொடை, குலவை, உறவுக்காரர்கள் கேலி எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். பிரியும் காட்சி வந்தது. சிறுமி முன் விளிம்பில் போய் உள்பக்கம் பார்த்து நின்றாள். கோமதி மேடையின் கடைசியில் சபைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் சனம் காத்திருந்தது. இதோ திரும்புவாள், இதோ பாட்டு வரும் என்று நினைத்தார்கள். கோமதி முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

"கோமதி! இங்கன திரும்பு!"

"பாட்டு எங்க? பாட்டு!"

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளம்பியது, கொட்டகை முழுவதும் பரவிவிட்டது. திரும்பு, திரும்பு என்று பெஞ்சைத் தட்டுகிறார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நான் தலையை ஆட்டினால் போதும், பாட்டு எழும்பிவிடும். நான் நின்ற பக்கத்திலேயே சற்றுத் தள்ளிக் காண்ட்ராக்டர் படுதாக் கயிற்றின் முடிச்சில் கை வைத்துவிட்டார்.

"திரும்பச் சொல்லும்வே! இல்ல, இறக்கவா?"

கோமதி நின்ற இடம் எனக்கு எட்டும் தூரம்தான். திரும்பு என்று ஒரு வார்த்தை நான் முணுமுணுத்தால் அவள் காதில் விழும். அவளும் அதற்காகக் காத்திருந்தாள், கழுத்து விறைத்திருந்ததில் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையில் சீசன் பிழைத்துவிடும், எல்லார் வீட்டு உலையும் கொதிக்கும். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. திரையின் இடுக்கு வழியாகத் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, அதைப் பாதியில் நிறுத்துகிற உரிமை எனக்கோ காண்ட்ராக்டருக்கோ கிடையாது என்று மட்டும் தெரிந்தது. ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கூடாது என்று கையை அசைத்தேன். காண்ட்ராக்டர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கயிற்றின்மேல் ஏறி நின்றுகொண்டேன். அந்த நாளில் நான் நல்ல கனம். அவர் இழுக்கிறார், நான் நகரவில்லை.

"உம்ம பொழப்பு இன்னையோட முடிஞ்சிச்சுவே," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, பிள்ள நிக்கால்லா! திரும்பித்தான் பாரேன்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு குரல் வந்த பக்கம் பார்த்தார்கள். டீச்சரின் அம்மா எழுந்து நின்றிருந்தார். மற்றவர்கள் கத்தியதுபோல் அது வேடிக்கைக்குக் கத்தியதில்லை. முன்னால் கட்டியிருந்த மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு, மேடையில் இருந்தவளைப் பார்த்து மன்றாடினார்.

"ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுப் போயேன்... முதுகத்தான பாத்துக்கிட்டு நிக்கா, பச்சப்பிள்ள..."

சத்தம் அப்படியே அடங்கியது. தகரத்தின்மேல் சாரல் மட்டும் கேட்டது. இதுவரை கத்தியவர்களுக்கு நான் பயந்தேன், இப்போது இந்த ஒரு குரலுக்குப் பயந்தேன். கேட்கத் தகுதியுள்ள ஒரே ஆள் கேட்கிறார். கோமதியின் தலை லேசாகத் திரும்புவதைப் பார்த்தேன். திரும்பினால் அது இரக்கம்தான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நடந்தது அப்படி இல்லையே. அன்றைக்கு அந்தத் தாய் திரும்பவில்லையே.

கோமதி திரும்பவில்லை. குனிந்தாள். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்துபோனாள். சிறுமி மட்டும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலியாகிப்போன இடத்தைப் பார்த்து நின்றாள்.

நான் கயிற்றிலிருந்து இறங்கினேன். படுதா விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

பிறகு கோமதியிடம் எப்படி அடக்கிக்கொண்டாய் என்று கேட்டேன். "அந்தம்மா குரலக் கேட்டதும் திரும்பத்தான் போனேன். அந்த எடத்துல திரும்பினா மூட்டையத் தூக்க முடியாது அண்ணாச்சி. அது மட்டும் தெரிஞ்சுது," என்றாள். சொல்லிவிட்டு, நான் அழக் கூடாது என்று தடுத்த அழுகையையெல்லாம் அங்கே வேஷம் கட்டும் அறையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அன்று அவளைத் தேற்ற எங்களால் முடியவில்லை.

படுதா விழுந்ததுமே டீச்சர் பெண்கள் பக்கம் ஓடினார். அம்மா இருந்த இடம் காலியாக இருந்தது. கேட்டும் பதில் வராமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பக்கத்துத் தட்டியை விலக்கிப் பார்த்தேன். எதிரே டீக்கடைத் தாழ்வாரத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். டீச்சர் சாரலில் நனைந்துகொண்டே போய் அவர் முன்னால் நின்றார். பிறகு அம்மா பேச ஆரம்பித்தார். நிறையப் பேசினார். கையை ஆட்டி ஆட்டி, ஒரு தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடைசியில் மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்துக்கொண்டு பார்த்தார். தட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் இரண்டாம் அங்கத்துக்கு வரவில்லை. எழுதியவர் முதல் ஆட்டத்திலேயே பாதியில் கிளம்பிப் போனது என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

சனம் எழுந்து போகவில்லை. பெண் பார்க்கும் காட்சியில், நான் முன்பு கிண்டல் வைத்திருந்த அதே இடத்தில், வாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. "நிக்கட்டும், நிக்கட்டும், அவளுக்கென்ன தெரியும்" என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. படுதாக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த காண்ட்ராக்டர் என் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கும் இதையே போடும்" என்றார். மதுரைக் கம்பெனியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஒரு காட்சிக்குக் காரணம் புரியவில்லை என்றால் உடனே கைக்குக் கிடைத்த ஒன்றை ஒட்டவைத்துவிடாதீர்கள். நமக்கு அது ரொம்பச் சுலபமாக வரும், கண்ணீர், பாட்டு, தியாகம் என்று சரக்கு எப்போதும் கைவசம் இருக்கும். எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்ததைக் கேட்காதீர்கள், அதுதான் தாளில் இருக்கிறதே. இதில் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது எது என்று கேளுங்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். போகிறவர்களுக்குக் காரணம் தெரியும், நிற்கிறவர்களுக்குத் தெரியாது. நாடகம் யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குத் தெரிந்த அளவுதான் சபைக்கும் தெரியலாம்.

இத்தனை சொல்கிற நானும் மறுநாளே ஆசைப்பட்டேன். காண்ட்ராக்டர்தான் தூண்டிவிட்டார்.

"ஏன் திரும்பலன்னு கேட்டுக்கிட்டேதான்வே சனம் வெளிய போச்சு. கடைசியில ஒரு சீன் வையும். தாய் வந்து காரணத்தச் சொல்லட்டும். சீசன் முழுக்க ஓடும்."

அவருக்கு வியாபாரம். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருப்புக்கொள்ளவில்லை. டீக்கடைத் தாழ்வாரத்தில் அந்த அம்மா அத்தனை நேரம் பேசியது என்னவாக இருக்கும் என்று தூங்காமல் யோசித்திருந்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு வந்தார். நேற்றுவரை நான் பார்த்த முகம் இல்லை, எதையோ இறக்கிவைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க டீச்சர்?"

"காலைல சண்டை போட்டோம் அண்ணாச்சி. கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு." சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "காரணம் சொன்னாங்களா?"

"சொன்னா."

"அப்ப அதக் கடைசியில ஒரு காட்சியா எழுதிருவமா? ரெண்டு வரி போதும். கோமதி பேசிருவா."

டீச்சர் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தவர் போலத்தான் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அது நாடகத்துக்குச் சொன்னதில்ல. எனக்குச் சொன்னது."